மருந்தை முடிக்கும் மனம்

காசநோய்க்கு மருந்து தொடங்கிய சில வாரங்களில் இருமல் தணிகிறது, பசி திரும்புகிறது. "இனி எதற்கு?" என்று மனம் முரண்டு பிடிப்பதும் அப்போதுதான். எஞ்சிய கிருமிகளை ஒழிக்க 6 மாதங்களேனும் வேண்டும். இடையில் நிறுத்தினால் அவை மருந்துக்கு மசியாதவையாக மாறக்கூடும்.

1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, நெருக்கடியான வீடுகளில் ஓராண்டு மருந்துண்ட ஏழை நோயாளரும் சானடோரியத்தில் தங்கியோருக்கு ஏறக்குறைய நிகராகக் குணமடைந்ததைக் காட்டிற்று. ஆய்வாளர் மனவுறுதியை மட்டும் நம்பவில்லை. முன்னறிவிப்பின்றி வீடு சென்று மாத்திரைகளை எண்ணினர். (இதை அவநம்பிக்கை என்று நாங்கள் கருதுவதில்லை.)

எண்ணூரில் இரவுப்பணி செய்வோரும், காசிமேட்டிலிருந்து பல நாள் கடலுக்குச் செல்வோரும் முன்கூட்டியே எங்களிடம் சொல்லுங்கள். மாத்திரை உண்ணும் நேரத்தைச் சேர்ந்து வகுப்போம். உடனிருப்போரே, உங்கள் கண்முன் விழுங்கச் செய்யுங்கள். குமட்டலை வீம்பென்று எண்ணிக் கடியாதீர்கள். கண் மஞ்சளித்தால் அன்றே அழைத்து வாருங்கள்.