பின்வாசல் வேப்பமரத்துக் குயில்

கேள்வி: மகள் பிறந்து நாலு மாதம் ஆகிறது. நிறைமாதத்தில் நான் படுத்தே இருந்த நாட்களில், பின்வாசல் வேப்பமரத்தில் குயில் விடாமல் கூவும். அதுதான் எனக்குத் துணை. அதனால் பறவைப் பெயர் வைக்க ஆசை. அன்னம், கிளி, மயில் எல்லாம் பழைய பெயர், பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள் என்கிறார் மாமியார். கோகிலா என்றால் சம்மதமாம். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, அசோக் நகர்

பதில்: அன்புச் சகோதரிக்கு, கோகிலாவும் குயில்தான். வடமொழியில் கோகிலம் என்றால் குயில். ஆக உங்கள் மாமியாருக்குப் பறவைமேல் குறையில்லை. அது பெயரில் வெளிப்படையாகத் தெரிவதில்தான் தயக்கம். அப்படி ஒளிந்திருக்கும் பறவைகள் நம் வீடுகளில் நிறைய. ஹம்சா அன்னம், மயூரி மயில், சாரிகா மைனா. காட்டில் விடப்பட்ட குழந்தையைச் சகுந்தப் பறவைகள் காத்து நின்றதால் கண்வ முனிவர் இட்ட பெயர்தான் சகுந்தலா. பறவைபோல் தோன்றும் பெயர்களும் உண்டு. தத்தை என்றால் தமிழில் கிளி. ஆனால் வாசவதத்தையில் கிளி இல்லை, வாசவனாகிய இந்திரன் தந்தவள் என்பதே பொருள். பிசிராந்தையாரின் ஆந்தையும் 'ஆதன் தந்தை' மருவியது என்பார்கள்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்குத் துணையிருந்தது ஆண் குயில். கருகருவென்ற உடம்பு, சிவந்த கண். 'குக்கூ' என்று குரலை ஏற்றிக்கொண்டே போவது அதுதான். பெண் குயில் பழுப்பு நிறம், மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. அது 'கிக் கிக்' என்று படபடத்துக் கத்தும், காகத்தின் கூட்டில் முட்டையிடும். தோகை விரிக்கும் மயிலும் ஆண், கழுத்தில் ஆரம் போட்ட கிளியும் ஆண். இதற்காக ஆசையை விட வேண்டாம். நாளை மகள் கேட்டால் அந்த மரத்தடியில் நிறுத்தி ஆண் குயில், பெண் குயில் இரண்டையும் காட்டுங்கள்.

என் மனம் 'குயிலி' பக்கம்தான் போகிறது. சிவகங்கை வேலு நாச்சியாரின் படையில் இருந்தவள்; 1780இல் உடம்பில் தீ வைத்துக்கொண்டு ஆங்கிலேயரின் வெடிமருந்துக் கிடங்கில் பாய்ந்தாள் என்று அந்தச் சீமை இன்றும் சொல்கிறது. மூன்றே எழுத்து, ழகரம் இல்லாததால் வெளியூர்க்காரர் நாவிலும் சிதையாது. கேலி செய்ய வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதையும் கையில் இருக்கும்.

'பூவை'யும் எனக்குப் பிடிக்கும். நாகணவாய்ப்புள்ளுக்கு, அதாவது மைனாவுக்கு, இலக்கியம் தந்த பெயர். பெண்ணுக்கும் அதே சொல். மைனாவில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் உங்கள் பக்கத்தில் பூவை என்றதும் பூந்தமல்லிதான் நினைவுக்கு வரும். அன்றில் வேண்டாம். துணை பிரிந்தால் உயிர் தரிக்காத பறவை என்று புலவர்கள் பாடியது. பிஞ்சுக் குழந்தைக்கு அந்தத் துயரம் எதற்கு?

மாமியாரிடம் காக்கைபாடினியாரைப் பற்றிச் சொல்லுங்கள். நச்செள்ளை என்பது அவர் பெயர். விருந்து வருமென்று கரைந்த காக்கையைக் குறுந்தொகையின் 210ஆம் பாட்டில் பாடியதால், அந்தக் காக்கையே பெயரோடு ஒட்டிக்கொண்டது. பதிற்றுப்பத்தில் ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைப் பாடிய ஆறாம் பத்து அவருடையது. சேர மன்னனைப் பாடிய புலவரைக் காக்கையின் பெயரால் அழைத்தபோது யாரும் அதைக் குறைவாக நினைக்கவில்லை.

அவசரம் வேண்டாம். பிறப்பைப் பதிவு செய்துவிட்டால் போதும். பதிவான நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரையிலும் வழியுண்டு. ஆனால் சேர்த்த பெயரை மாற்றுவது பெரும்பாடு. எழுத்துக்கூட்டலையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள். எண்கணிதத்துக்காக இரண்டு எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டுப் பள்ளிச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் அல்லாடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு சாயங்காலம், கீழே விளையாடும் பேத்தியைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல், பால்கனியில் நின்று கோகிலா, குயிலி என்று இரண்டு பெயரையும் வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் மாமியாரை.