டெமோ வகுப்புக்கு ஒரு நிலநடுக்க வரைபடம்

தனியார் பள்ளி வேலைக்கு டெமோ வகுப்பு எடுக்கப் போகும் அறிவியல், புவியியல் ஆசிரியர்கள் பலரும் யூடியூப் காணொளி ஒன்றை நம்பிப் போகிறார்கள். தட்டுகள் மோதும், எரிமலை வெடிக்கும், பின்னணி இசை வேறு. முடிந்ததும் பிள்ளைகளுக்குச் செய்ய வேலை எதுவும் இருக்காது. அதற்குப் பதில் அன்றன்றைய தரவு ஏறிக்கொண்டிருக்கும் தளம் ஒன்றைத் திறந்து வேலை கொடுங்கள்.

என் முதல் தேர்வு, அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனமான யுஎஸ்ஜிஎஸ்-இன் நிலநடுக்க வரைபடம். இலவசம், கணக்குத் தொடங்கவும் வேண்டாம். திறந்ததும் செட்டிங்ஸில் '30 நாள், 4.5 அளவுக்கு மேல்' என்று மாற்றிவிடுங்கள். 2.5-லேயே விட்டால் கலிஃபோர்னியாவும் அலாஸ்காவும் புள்ளிகளால் நிறைந்துவிடும். "உலகத்துலயே அமெரிக்காவுலதான் மிஸ் அதிகம் ஆடுது" என்று வகுப்பு தீர்ப்பு எழுதிவிடும். அங்கே கருவிகள் நெருக்கமாக இருப்பதால் சின்ன அதிர்வும் பட்டியலில் ஏறுகிறது. மற்ற நாடுகளின் சின்ன அதிர்வுகள் பெரும்பாலும் ஏறுவதில்லை.

அடுத்து பசிபிக்கில் டோங்கா, ஃபிஜி தீவுகளுக்கு வரைபடத்தை நகர்த்துங்கள். புள்ளியைத் தொட்டால் ஆழம் கிலோமீட்டரில் வரும். பிள்ளைகள் கையில் ஒரு வெற்று வரைபடம் கொடுத்து, 70 கி.மீ. வரை சிவப்பு, 300 வரை பச்சை, அதற்கும் கீழே நீலம் எனக் குறிக்கச் சொல்லுங்கள். கிழக்கே டோங்கா அகழியை ஒட்டிச் சிவப்பு விழும். மேற்கே போகப் போகப் பச்சை. ஃபிஜி பக்கம் 500, 600 கி.மீ. ஆழத்தில் நீலம். புள்ளி போதாவிட்டால் அதே தளத்தின் தேடலில் ஓராண்டைக் கொடுங்கள். 'ஏன் இப்படிச் சரிவா இறங்குது?' என்று ஏதாவது ஒரு பெஞ்சிலிருந்து கேள்வி வரும். வராவிட்டால் நீங்களே கேளுங்கள். பசிபிக் தட்டு அங்கே மேற்கு நோக்கிப் பூமிக்குள் சரிந்து இறங்குகிறது. பிள்ளைகள் வண்ணம் தீட்டியது அந்தச் சரிவைத்தான். தேர்வுக்குழு நிமிர்ந்து உட்காரும் இடமும் இதுதான், அவசரப்பட்டு விடையை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள்.

சுற்றுச்சூழல் பாடம் என்றால் நாசாவின் வேர்ல்ட்வியூ. அன்றாடச் செயற்கைக்கோள் படங்கள் 2000-இலிருந்தே உண்டு. நவம்பர் தொடக்கத்துத் தேதி ஒன்றைப் போட்டு, தீ காட்டும் அடுக்கைச் சேர்த்து, பஞ்சாபைப் பாருங்கள். நெல் அறுத்த வயல்களில் தாளைக் கொளுத்துவது சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். மேகமில்லாத நாளாக இருந்தால் கங்கைச் சமவெளி மேல் புகையும் படர்ந்திருக்கும். "எங்க வீடு தெரியுமா?" என்று நிச்சயம் கேட்பார்கள். தெரியாது; இந்த அன்றாடப் படங்களில் மிகக் கூர்மையானவற்றிலும் ஒரு படப்புள்ளி சுமார் 250 மீட்டர். வீடு தேட கூகுள் எர்த் இருக்கிறது. அதன் டைம்லாப்ஸில் 1984 முதல் ஏரல் கடல் வற்றுவதையும் ஓட்டிக் காட்டலாம்.

வேலையில் சேர்ந்த பிறகு பிள்ளைகளை வெளியே கூட்டிப்போங்கள். வளாகத்து வேம்பையோ புங்கையோ தேர்ந்து, இலை, பூ, காயை வாரா வாரம் சீசன்வாட்ச் திட்டத்தில் பதியலாம். செடி, பூச்சியை அடையாளம் காண ஐநேச்சுரலிஸ்ட் நல்லது, ஆனால் 13 வயதுக்குக் கீழே பெற்றோர் அனுமதியில்லாமல் கணக்கு கிடையாது. சிறியவர்களுக்கு ஐநேச்சுரலிஸ்டின் சீக் செயலி போதும். அதற்குக் கணக்கே வேண்டாம். ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு வரும், பட்டியலை இபேர்ட் தளத்தில் ஆசிரியர் கணக்கிலேயே ஏற்றிவிடுங்கள்.

டெமோவில் கட்டாயம் வரும் கேள்வி: "நெட் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?" யுஎஸ்ஜிஎஸ் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். முந்தின இரவே இறக்கி, அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம் மூன்றை மட்டும் வைத்து அச்செடுத்து, இரண்டு பேருக்கு ஒரு தாள் என்று கையோடு கொண்டுபோங்கள்.