கம்பியா, கட்டா?

எலும்பு முறிந்தால் எங்கள் வீடுகளில் முடிவு பெரும்பாலும் தலைகீழாகத்தான் எடுக்கப்படுகிறது. மோட்டார் சைக்கிளால் விழுந்து காறையெலும்பை உடைத்துக்கொண்ட பெடியனுக்கு, “காசைப் பாராதேங்கோ, பிளேட் வையுங்கோ” என்று கனடாவிலிருந்து தொலைபேசி வரும். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த ஆச்சிக்கோ, “இந்த வயசிலை ஒப்பரேசன் தாங்காது, வீட்டை கொண்டுபோவம்” என்பார்கள். பெடியனுக்குப் பெரும்பாலும் கையைக் கழுத்தில் தூக்கிக் கட்டினாலே போதும். ஒப்பரேசன் கட்டாயம் வேண்டியது ஆச்சிக்கு.

இடுப்பு முறிவு என்று நாங்கள் சொல்வது அநேகமாகத் தொடையெலும்பின் மேல்முனை முறிவு. ஒப்பரேசன் வேண்டாமென்றால் வாரக்கணக்கில் படுக்கைதான். முதுகில் புண், நெஞ்சில் சளி கட்டி நியூமோனியா, காலில் இரத்தக்கட்டி, சிறுநீர்த் தொற்று என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆச்சியைக் கொண்டுபோவது முறிவல்ல, படுக்கை. ஆணியும் கம்பியும் வைத்தோ, பந்துமுனையை மாற்றியோ விட்டால் அடுத்த நாளே கட்டிலால் இறக்கி நிற்கவைக்கலாம். அதையும் ஒன்றிரண்டு நாட்களுக்குள் செய்வது நல்லது. முழு மயக்கம் கொடுக்கப் பயமென்றால், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் விறைக்கச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். இதய வருத்தமும் சீனி வருத்தமும் ஆபத்தைக் கூட்டும், உண்மைதான். ஆனால் எடைபோட வேண்டியது ஒப்பரேசனின் ஆபத்தையும் படுக்கையின் ஆபத்தையும். ஆபத்தே இல்லாத மூன்றாவது வழியொன்று கிடையாது. விழ முதலே படுத்த படுக்கையாக இருந்தவர், கடைசி நாட்களில் இருப்பவர் என்றால் கதை வேறு. அங்கே நோவைத் தணிப்பதே சரியான வைத்தியமாக இருக்கலாம்.

காறையெலும்பு விலகி உடைந்திருந்தால், கட்டு மட்டும் போட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு, சில வேளை அதற்குச் சற்றுக் கூடுதலானவர்களுக்கு, ஒட்டாமல் போவதுண்டு. அப்போது பிளேட் வைக்கலாம். எலும்பு முனை தோலைக் குத்தி நிற்கிறதென்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

உண்மையாகவே யோசித்துத் தெரிவு செய்ய வேண்டியது மணிக்கட்டு. 2022இல் பிரித்தானியாவில் 500 பேரை வைத்து நடந்த ஆய்வொன்றின் முடிவு வெளியானது. விலகிய எலும்பை இழுத்து நேராக்கிவிட்டுப் பாதிப்பேருக்குப் பிளாஸ்டர் மட்டும் போட்டார்கள், மற்றவர்களுக்குக் கம்பி குத்தினார்கள். ஒரு வருடத்தின் பின் இரு பகுதியினரின் கையிலும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் பிளாஸ்டர் போட்டவர்களில் எட்டில் ஒருவருக்கு, ஆறு வாரத்துக்குள் எலும்பு மீண்டும் விலகி ஒப்பரேசன் தேவைப்பட்டது. வீக்கம் வற்ற வற்றப் பிளாஸ்டர் தளர்ந்துபோகும், உள்ளே எலும்பு சத்தமில்லாமல் நழுவும். ஆகவே கட்டைத் தெரிவு செய்பவர் முதலாம், இரண்டாம் வாரக் கிளினிக்கையும் எக்ஸ்ரேயையும் சேர்த்தே தெரிவு செய்கிறார். நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகாட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கு வருபவர் இதை டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வர முடியாதவருக்குக் கம்பி பொருத்தமாக இருக்கலாம். தோள்மூட்டருகே முறிந்த வயதானவர்களுக்கோ கட்டே அநேகமாகப் போதும்.

பேச்சுக்கு இடமில்லாதவையும் உண்டு. தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தால், மூட்டின் வழுவழுப்பான பரப்பு படிபோல் உடைந்து நின்றால், வளர்ந்தவரின் தொடையெலும்பு நடுவில் முறிந்தால் சத்திரசிகிச்சைதான். பனையால் விழுந்தவரைத் தூக்கி மடித்து ஓட்டோவில் ஏற்றாதீர்கள். முள்ளந்தண்டு முறிந்திருக்கலாம். 1990க்கு அழைத்து, அம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் வைத்திருங்கள். பிள்ளைகளின் எலும்பு வளரும்போது சிறு கோணலைத் தானே நிமிர்த்திக்கொள்ளும், அதனால் முன்கை முறிவுக்கு அநேகமாகப் பிளாஸ்டர் போதும். முழங்கைக்குச் சற்று மேலே விலகி முறிந்தால் மட்டும் கம்பி வேண்டும்.

முறிவு நெரிவு வைத்தியரிடம் போகலாமா? அவரைப் பழிக்க எனக்கு விருப்பமில்லை. விலகாத முறிவு, அசையாமல் வைத்தால் யார் கட்டினாலும் அநேகமாக ஒட்டும். அவருடைய நல்ல பெயரில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. எக்ஸ்ரே எடுத்து, விலகவில்லை என்று தெரிந்த பின் போவது ஒன்று. எக்ஸ்ரே இல்லாமல் போய், எண்ணெய் பூசி உருவுவித்து, மட்டை வைத்து இறுக்கிக் கட்டுவிப்பது வேறொன்று. இரண்டாவதை, அதுவும் பிள்ளையின் முழங்கைக்கு, ஒருபோதும் செய்யாதீர்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேசனுக்குக் காசில்லை. ஆனாலும் பிளேட் கையிருப்பில் இருக்கிறதா, திகதி எப்போது என்று கேளுங்கள். இரண்டு வாரம் கடந்தால் எலும்பு கோணலாகவே பிடிக்கத் தொடங்கி, வேலை கடினமாகும். எக்ஸ்ரே படத்தைக் காட்டித் தமிழில் விளக்கச் சொல்லவும் கூச்சப்படாதீர்கள். மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் வைத்தியம் படிப்பித்த ஊர் இது.

கட்டுப் போட்ட முதல் இரவு விரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். சிவந்தாலும் முழு நிம்மதி கொள்ள வேண்டாம்: மருந்து குடித்தும் நோ கூடிக்கொண்டே போனால், விரல் விறைத்தால், விரலை நிமிர்த்தும்போது உயிர் போவதுபோல் நொந்தால், கட்டியது ஆஸ்பத்திரியோ வைத்தியரோ, அந்தக் கட்டை உடனே பிரிக்க வேண்டும். விடியட்டும் என்று இருக்காதீர்கள். தசை சில மணித்தியாலங்களில் செத்துவிடும்.