வேட்புமனுவுக்கு முன்

அன்புள்ள மருமகன்,



மாகாண சபைத் தேர்தல் வந்தால் அம்பாறை மாவட்டத்தில் கேட்கச் சொல்லிக் கட்சிக்காரர்கள் உங்களிடம் வந்துபோவதாக உங்கள் உம்மா சொன்னா. உங்களைத் தடுக்க நான் இதை எழுதவில்லை. கிதாபு ஓதியவருக்கு அரசியலில் என்ன வேலை என்று கேட்பவர்களோடு எனக்கு ஒருநாளும் உடன்பாடு இருந்ததில்லை. நீங்கள் படித்தவர், பொறுமைசாலி, ஊருக்கு நல்லது நினைப்பவர். ஆனால் ஒன்றை இப்போதே முடிவெடுத்துக்கொள்ளுங்கள். வேட்புமனுவில் கையெழுத்து வைக்கும் அன்றே மிம்பரிலிருந்து இறங்கிவிட வேண்டும். தேர்தல் முடியும்வரை லீவு என்ற கதை வேண்டாம். இமாம் பொறுப்பையே பள்ளி நிர்வாகத்திடம் எழுத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், குத்பா நடக்கும்போது யாரும் எழும்பிக் கேள்வி கேட்பதில்லை. பக்கத்தில் கதைப்பவனைப் பார்த்து "சும்மா இரு" என்று சொல்வதும் கூடாது என்று சின்னப் பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லிக்கொடுக்கிறீர்கள். தேர்தல் கேட்கிறவரிடமோ யாரும் எந்த நேரமும் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே ஆள் நின்றால், உங்களுக்கு வாக்குப் போடாதவன் மார்க்கத்துக்கே மாறு செய்தவன் போல ஆகிவிடுவான். மர்ஹூம் அஷ்ரப் 1981இல் காத்தான்குடியில் முஸ்லிம் காங்கிரஸைத் தொடங்கினார். அவர் சட்டத்தரணி. அவரோடு மாறுபட்டவர்கள் முகத்துக்கு நேரே மாறுபட்டார்கள். அந்தச் சுதந்திரம் உங்களை எதிர்ப்பவனுக்கும் இருக்க வேண்டும்.

விருப்பு வாக்கு செய்யும் வேலையையும் யோசியுங்கள். வாக்காளர் ஒருவருக்கு மூன்று விருப்பு வாக்கு. உங்களுக்குப் போட்டி மற்றக் கட்சியில் இருக்கமாட்டார், உங்கள் பட்டியலிலேயே அடுத்த ஊரில் இருப்பார். நிந்தவூருக்கு ஒருவர், சம்மாந்துறைக்கு ஒருவர், அக்கரைப்பற்றுக்கு ஒருவர் என்று ஊர் ஊராகப் பிரிந்து நிற்கும். நம் ஊரிலேயே அந்த மற்றவருக்கு வேலை செய்கிற ஒருவரின் வாப்பா மௌத்தானால், ஜனாஸாத் தொழுகைக்கு உங்களை முன்னே நிற்கச் சொல்ல அவருக்கு மனம் வருமா? புருஷனோடு பிணக்குப்பட்டு உங்கள் வீட்டு விறாந்தையில் வந்து குந்தியிருந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்துக் குடும்ப இரகசியத்தைச் சொன்ன பெண்பிள்ளை, நாளைக்கு உங்களை மேடையில் கண்டால் என்ன நினைப்பா? அந்த நம்பிக்கையெல்லாம் ஊர் உங்களுக்குத் தந்த அமானிதம். அதை வாக்காக மாற்றக் கூடாது. சுவரொட்டியில் பெயருக்கு முன்னால் "அஷ்ஷெய்க்" போடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஊருக்கு உங்களைத் தெரியும்.

சம்பளமும் பள்ளி தந்த வீடும் போய்விடும். அதற்கு வழி பார்த்துக்கொண்டு இறங்குங்கள். கட்சிக்காரர் தரும் காசில் குடும்பம் நடத்தினால் வாய் திறக்க ஏலாது.

இனி சபையில் செய்யும் வேலையைப் பற்றி. திருகோணமலையில் மாகாணக் கல்வித் திணைக்களத்தில் இருந்த காலத்தில், சட்டைப்பை நிறைய இடமாற்றக் கடிதங்களோடு வரும் உறுப்பினர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றை எடுத்து மேசையில் வைப்பார்கள், கையால் நீவுவார்கள், "இது நம்மட ஆள்" என்பார்கள். அந்த ஆசிரியர் வந்துவிட்டால் மகாஓயாப் பக்கமோ வாகரையிலோ எந்த வகுப்பு வெறுமையாகும் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. நீங்கள் கேளுங்கள். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் ஒன்பதாம் அட்டவணையை ஒரு கிதாபை ஓதுவது போல உட்கார்ந்து ஓதுங்கள். மாகாணப் பாடசாலை சபைக்கு உரியது, தேசியப் பாடசாலை கொழும்புக்கு உரியது. சிறிய ஆஸ்பத்திரிகள், முன்பள்ளி, உள்ளூர் வீதி, கூட்டுறவு எல்லாம் சபையின் கையில். நியதிச் சட்டம் நிறைவேறினாலும் ஆளுநரின் சம்மதம் வேண்டும். பணத்தில் பெரும்பகுதி மத்தியிலிருந்துதான் வரும். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் காதி நீதிமன்றமும் பாராளுமன்றத்தின் விஷயம். உங்களிடம் முதலில் அந்தச் சட்டத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். செய்துதருவேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்களுக்கு முந்தி இந்த வழியில் போன ஒரு பெரிய ஆலிமைப் பற்றித் தேடிப் படியுங்கள். பாகிஸ்தானில் முல்தான் காஸிமுல் உலூம் மத்ரஸாவில் ஓதிக்கொடுத்த முப்தி மஹ்மூத், 1970 தேர்தலில் தேரா இஸ்மாயில் கானில் சுல்பிகார் அலி பூட்டோவையே தோற்கடித்தார். 1972இல் வடமேற்கு எல்லைப்புற மாகாணத்துக்கு முதலமைச்சரானார். அவருடைய கட்சிக்குச் சட்டசபையில் இடம் கொஞ்சம்தான். இடதுசாரிகள் நிறைந்த வலி கானின் கட்சியோடு சேர்ந்துதான் ஆட்சி நடத்தினார். மதுவைத் தடை செய்தார். அதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது, அவர் கதிரையை விட்ட விதம். 1973 பெப்ரவரியில் பக்கத்து பலூசிஸ்தானின் அரசை, அப்போது நாட்டை ஆண்ட பூட்டோ கலைத்தபோது, தம் அரசு கலைக்கப்படாமலேயே இராஜினாமா செய்தார். ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வேறொரு மாகாணத்துக்கு நடந்த அநியாயத்துக்காகப் பதவியை விடத் தெரிந்தவர் அவர். அதே மாகாணத்தில் 2005இல் ஆலிம்களின் கூட்டணி, மக்களின் ஒழுக்கத்தைப் பார்க்க முஹ்தஸிப் ஒருவரை நியமிக்கும் ஹஸ்பா மசோதாவை நிறைவேற்றியது. அதன் பல பிரிவுகள் அரசியலமைப்புக்கு மாறானவை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒழுக்கத்தைச் சட்டம் போட்டு உண்டாக்க நினைப்பது மிம்பரின் பழக்கத்தைச் சபைக்குக் கொண்டுபோவதுதான். அதை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

நம் கிழக்கு மாகாணத்தில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் எவருமே பாதிக்கு இல்லை. 37 பேர் கொண்ட சபையில் யாரோடும் சேராமல் எதுவும் நடக்காது. 2015இல் ஹாபிஸ் நஸீர் அஹமட் முதலமைச்சராக இருந்தபோது கல்வியும் விவசாயமும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் அமைச்சர்களிடம் இருந்தன. உங்கள் முதல் பேச்சு ஒரு தமிழ்க் கிராமத்தின் பாடசாலையைப் பற்றியதாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

சபை தேவையில்லை என்பவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் வைத்திருங்கள். 2017 செப்டம்பர் 30ஆம் திகதி கிழக்கு சபையின் காலம் முடிந்தது. 2020இல் கொரோனாவில் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தபோது, கிழக்கில் எழுந்து நின்று பேச மக்கள் தெரிந்தெடுத்த மாகாண உறுப்பினர் ஒருவரும் இல்லை. 2021இல் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்து, நாடு முழுவதிலிருந்தும் ஜனாஸாக்கள் ஓட்டமாவடிக்கு வந்தபோதும் சபை இல்லை. இதற்காகத்தான் நீங்கள் போவதை நான் விரும்புகிறேன்.

என்னிடம் கிழக்கு சபையின் சில நியதிச் சட்டங்களின் பிரதிகளும் பழைய வரவுசெலவு அறிக்கைகளும் இருக்கின்றன. பெருநாள் முடிந்து வரும்போது கட்டிவைக்கிறேன், எடுத்துப் போங்கள். அதற்கு முன்னால் உங்கள் இடத்துக்கு இமாமாக யார் பொருத்தம் என்று நிர்வாகத்தோடு கதைத்து முடித்துவிடுங்கள்.

வஸ்ஸலாம்,
உங்கள் மாமா