செய்கூலி தெரியாதவர்கள்

கேள்வி: ஆஸ்டெக் அரசர்களிடம் தங்கம் மலைபோலக் குவிந்து கிடந்ததாமே! அது எங்கிருந்து வந்தது? ஸ்பானியர்கள் கைக்குப் போன பிறகு என்ன ஆயிற்று?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: ஆஸ்டெக் தலைநகரான டெனோச்டிட்லான், ஏரிக்கு நடுவே இருந்த தீவு நகரம். இன்றைய மெக்சிகோ நகரம் அதன் மேல்தான் நிற்கிறது. அங்கே தங்கம் கிடையாது. தெற்கே வாஹாகா போன்ற பகுதிகளில் ஆற்று மணலை அரித்து எடுத்த பொன், அடங்கிப்போன ஊர்களிலிருந்து கப்பமாக வந்து சேர்ந்தது.

அவர்களுடைய நஹுவாத் மொழியில் தங்கத்தின் பெயருக்கு 'தெய்வத்தின் கழிவு' என்று பொருள்! முகம் சுளிக்க வேண்டாம், அது மரியாதையான பெயர்தான். ஆனால் பச்சைக்கல்லையும் கெட்சல் பறவையின் இறகையும் தங்கத்தைவிட உயர்வாக நினைத்தார்கள். சந்தையில் சில்லறையாகப் புழங்கியது கொக்கோ விதை. மெழுகில் உருவம் செய்து, மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் பொன்னை வார்க்கும் நுணுக்கம் தெரிந்த தட்டார்கள் அங்கே இருந்தார்கள். நம் நகைக்கடை மொழியில் சொன்னால், அவர்களுக்குத் தங்கம் பாதி, செய்கூலி பாதி.

1519இல் ஸ்பானியத் தளபதி கோர்த்தெஸ் கடற்கரையில் வந்து இறங்கியதும், மன்னர் மொக்தெசூமா அனுப்பிய பரிசுகளில் பொன்னில் ஒரு பெரிய சூரிய வட்டும் வெள்ளியில் ஒரு நிலா வட்டும் இருந்தன. அவை ஐரோப்பா போய்ச் சேர்ந்தன. 1520இல் பிரஸ்ஸல்ஸில் அவற்றைப் பார்த்த ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், அந்தக் கைத்திறனை நாட்குறிப்பில் வியந்து எழுதினார். அவர் ஒரு தட்டாரின் மகன், வேலைப்பாடு தெரிந்த கண்!

கோர்த்தெஸின் ஆட்களுக்கு அந்தக் கண் இல்லை. தலைநகருக்குள் வந்து சேர்ந்த பிறகு, அரண்மனையில் சுவர் வைத்து மூடியிருந்த கருவூலத்தைத் திறந்தார்கள். நகைகளில் இருந்த கல்லையும் இறகையும் பிய்த்துப் போட்டுவிட்டு, பொன்னை உருக்கிக் கட்டிகளாக்கினார்கள். ஸ்பெயின் அரசருக்கு ஐந்தில் ஒரு பங்கு. தராசில் நிற்கும் எடைதான் கணக்கு.

1520 ஜூன் 30 இரவு, நகரமே எதிர்த்துக் கிளம்ப, கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு ஏரிப் பாலம் வழியே ஓடினார்கள். தங்கக் கட்டிகளின் பாரத்தோடு பலர் தண்ணீரில் மூழ்கினார்கள். 1521 ஆகஸ்ட் 13 அன்று நகரம் வீழ்ந்தது. தொலைந்த பொன் எங்கே என்று கேட்டு, கடைசி மன்னர் குவாவ்தெமோக்கின் பாதங்களைத் தீயில் சுட்டார்கள். அப்படியும் ஆசைப்பட்ட அளவு கிடைக்கவில்லை.

1981இல் மெக்சிகோ நகரில் கட்டடத்துக்குத் தோண்டும்போது 1.93 கிலோ எடையுள்ள தங்கக் கட்டி ஒன்று அகப்பட்டது. அந்த ஓட்டத்தில் விழுந்ததுதான் அது என்று 2020இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அது எந்தக் கழுத்தில் கிடந்தது, எந்தக் காதில் ஆடியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அந்த இரவில் தப்பியவர்களில் பெர்னால் தியாஸ் என்ற படைவீரரும் ஒருவர். அவர் எடுத்துக்கொண்டது நான்கே நான்கு பச்சைக்கற்கள். காயத்துக்கு மருந்தும் வயிற்றுக்குச் சோறும் பிற்பாடு அவற்றை விற்றுத்தான் கிடைத்தன என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். உள்ளூர்க்காரர் எதை மதிக்கிறார் என்று கவனித்த ஆள்!