கருந்துளை உறிஞ்சுமா? ராமானுஜன் சொன்னாரா?

கருந்துளை என்று பேச்சு எடுத்தாலே நாசா, ஹார்வர்டு என்று கை மேற்கே நீளும். தாம்பரத்துக்காரர்கள் கிழக்கே காட்டினாலும் தப்பில்லை. மேடவாக்கம், சோழிங்கநல்லூர் தாண்டி ஓ.எம்.ஆரில் தெற்கே போனால் சிறுசேரி சிப்காட். ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே சென்னைக் கணிதவியல் கழகம், அதாவது சி.எம்.ஐ., இருக்கிறது. வடக்கே தரமணியில் 1962-ல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம். பழைய ஆட்களுக்கு அது இன்னும் ‘மேட்சயன்ஸ்’தான். இரண்டு இடத்திலும் தொலைநோக்கி கிடையாது. கரும்பலகையும் சாக்பீஸும் உண்டு. அங்கே நடக்கும் வேலைக்கும், கருந்துளை பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளுக்கும் உள்ள தூரம்தான் கொஞ்சம் அதிகம்.

“கருந்துளை அக்கம்பக்கத்தில் இருப்பதையெல்லாம் உறிஞ்சிவிடும்”

உறிஞ்சாது. சூரியனை எடுத்துவிட்டு அதே நிறையுள்ள கருந்துளையை அங்கே வைத்தால், அதன் ஆரம் சுமார் 3 கிலோமீட்டர்தான் இருக்கும். வெளிச்சம் போய்விடும், குளிர் கொன்றுவிடும்; ஆனால் பூமி அதே பாதையில், அதே 365 நாள் கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். ஈர்ப்பு விசைக்கு நிறையும் தூரமும்தான் கணக்கு. மிக அருகில் போய் மாட்டிக்கொண்டால் மட்டுமே மீள முடியாது.

ஆராய்ச்சியாளர்களின் தூக்கத்தைக் கெடுப்பது வேறொரு விஷயம். 1970-களின் தொடக்கத்தில் ஜேக்கப் பெக்கன்ஸ்டைனும் ஸ்டீபன் ஹாக்கிங்கும் கருந்துளைக்கு வெப்பநிலை உண்டு, என்ட்ரோபி உண்டு என்று காட்டினார்கள். அந்த என்ட்ரோபி கருந்துளையின் கனஅளவைப் பொறுத்ததல்ல. அதன் எல்லையின் பரப்பளவைப் பொறுத்தது. உரிய அலகில் அளந்தால் பரப்பளவில் சரியாகக் கால் பங்கு. என்ட்ரோபி என்றாலே, வெளியே ஒரே மாதிரி தெரியும் ஒரு பொருள் உள்ளுக்குள் எத்தனை விதமாக அமைந்திருக்கலாம் என்ற எண்ணிக்கையின் மடக்கை, அதாவது லாகரிதம். அப்படியானால் கருந்துளைக்குள் எதை எண்ணுவது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் இழைக் கோட்பாடு, அதாவது ஸ்ட்ரிங் தியரி, உள்ளே வருகிறது. கூடவே நம் ஊர்ப் பெயர் ஒன்றும் வருகிறது.

“ராமானுஜன் மரணப்படுக்கையில் கருந்துளைச் சூத்திரம் எழுதினார்”

தமிழ்நாட்டில் இதற்கு மவுசு ஜாஸ்தி. அவர் குலதெய்வமான நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னதாகவும் சேர்த்துக்கொள்வார்கள். உண்மை இதைவிட ருசியானது.

1920 ஜனவரியில் ராமானுஜன் மெட்ராஸிலிருந்து இங்கிலாந்துக் கணிதவியலாளர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘மாக் தீட்டா’ என்று தானே பெயர் சூட்டிய புதுவகைச் சார்புகளைப் பற்றியது அது. 17 உதாரணங்கள் அதில் இருந்தன. ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் இறந்துபோனார். கருந்துளை என்ற பெயர் புழக்கத்துக்கு வந்ததே 1960-களில். கடிதத்தில் இருப்பது சுத்தமான கணிதம். அந்தச் சார்புகள் உண்மையில் என்ன என்று நெதர்லாந்தில் சாண்டர் ஸ்வேகர்ஸ் தெளிவாக்கியது 2002-ல்.

அவற்றைக் கருந்துளையோடு கட்டியவர்கள் மூன்று பேர்: அதீஷ் தபோல்கர், சமீர் மூர்த்தி, டான் ஸாகியர். ஆண்டு 2012. இழைக் கோட்பாட்டின்படி குறிப்பிட்ட மின்னேற்றங்கள் உள்ள ஒரு கருந்துளையின் உள்நிலைகளை எண்ணப்போனால், இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் நிலைகளும் கணக்கில் கலந்துவிடுகின்றன. அவற்றைக் கழித்துவிட்டால் மிஞ்சும் எண்ணிக்கைகள் ராமானுஜன் கண்ட மாக் வகைக்குள் போய் உட்காருகின்றன. ராமானுஜன் கருந்துளையைக் கண்டுபிடிக்கவில்லை. கருந்துளையை எண்ணியவர்களுக்கு அவர் விட்டுச்சென்ற கருவி தேவைப்பட்டது.

இதைவிட எளிதாகத் தொட்டுப் பார்க்கக்கூடிய இணைப்பு அவருடைய 1916-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருக்கிறது. அதில் அவர் ஆராய்ந்த டௌ எண்கள் 1, −24, 252, −1472 என்று போகும். அந்தத் தொடரை வகுத்தியாகப் போட்டு 1-ஐ வகுத்தால் 1, 24, 324, 3200, 25650 என்று வேறொரு தொடர் வரும். சந்தேகமிருந்தால் ஒரு தாளை எடுங்கள்: மூன்றாம் இடத்தில் 324-லிருந்து 24 பெருக்கல் 24-ஐக் கழித்து 252-ஐக் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும், வருகிறது. ஓர் இழை 24 திசைகளில் அதிரும்போது, ஒவ்வொரு ஆற்றல் படியிலும் எத்தனை விதமாக அதிரலாம் என்பதைச் சொல்வது இந்த இரண்டாவது தொடர்தான். இழைக் கோட்பாட்டில் சிலவகைக் கருந்துளைகளின் உள்நிலைகளை எண்ணவும் இதே தொடர் உதவும். இவை எவ்வளவு வேகமாக வளர்கின்றன என்று கணிக்கும் உத்தி, ஓர் எண்ணை எத்தனை விதமான கூட்டல்களாகப் பிரிக்கலாம் என்பதற்கு 1918-ல் ஹார்டியும் ராமானுஜனும் சேர்ந்து எழுதிய பிரிவினைச் சூத்திரத்தின் வழியில் வருவது. 1995-ல் இயற்பியலாளர் அசோக் சென் இந்த வளர்ச்சியைக் கருந்துளையின் பரப்பளவோடு ஒப்பிட்டார். கிண்டி ஐ.ஐ.டி.யில் சுரேஷ் கோவிந்தராஜன் தன் மாணவர்களோடு, இத்தகைய எண்ணிக்கைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இயற்கணித அமைப்புகளை ஆராய்ந்திருக்கிறார்.

இத்தனையும் இருக்க, கனவு எதற்கு?

“ஹாலோகிராபி என்றால் உலகம் வெறும் மாயை”

ஆதிசங்கரரை இதற்குள் இழுத்துவிடும் சொற்பொழிவாளர்கள் பெருகிவிட்டார்கள். என்ட்ரோபி பரப்பளவோடு நிற்கிறது என்றால், உள்ளே நடப்பதன் முழு விவரமும் எல்லையிலேயே எழுதப்பட்டிருக்கலாம் என்று 1993-ல் கெரார்டு ட் ஹூஃப்ட் ஊகித்தார்; ஹாலோகிராபி என்பது இதுதான். லியோனார்டு சஸ்கிண்ட் அதை வளர்த்தார். 1997-ல் ஹுவான் மால்டசேனா அதற்குத் திட்டமான உதாரணம் கொடுத்தார்: ஒருவகை வளைந்த வெளியில் ஈர்ப்பு விசையோடு நடக்கும் இயற்பியலும், அதன் எல்லையில் ஈர்ப்பு விசையே இல்லாமல் நடக்கும் இயற்பியலும் ஒன்றேதான். இரண்டில் எது நிஜம், எது நிழல் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை, இரண்டும் சமம். ஒரு பக்கம் கடினமாக இருக்கும் கணக்கு மறுபக்கம் எளிதாகிவிடும் என்பதுதான் லாபம். அணுக்கருக்களை மோதவிட்டு உண்டாக்கும் குவார்க் குழம்பு எவ்வளவு வழுக்கலாக ஓடும் என்று மதிப்பிடக்கூட இந்த வழி பயன்பட்டது.

சொற்பொழிவுகளில் விட்டுப்போகும் விஷயம் ஒன்று உண்டு. மால்டசேனாவின் வெளி நம் பிரபஞ்சத்தின் வடிவம் அல்ல. நம்முடையது வேகமெடுத்து விரிகிறது என்று 1998-ல் தெரிந்துவிட்டது. அப்படி விரியும் வெளிக்கு ஹாலோகிராபி எப்படிப் பொருந்தும் என்பது திறந்த கேள்வி, சிறுசேரியில் கே. நாராயண் வருடக்கணக்காக உழைப்பது இதில்தான்.

“கணக்குத் தீர்ந்துவிட்டது”, “எல்லாம் டுபாக்கூர்”

இரண்டும் யூடியூபில் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும். 1995-ல் ஜோசப் போல்சின்ஸ்கி, இழைகளின் நுனி ஒட்டிநிற்கும் பரப்புகளான டி-பிரேன்களின் முக்கியத்துவத்தைக் காட்டினார். அடுத்த வருடமே ஆண்ட்ரூ ஸ்ட்ராமிஞ்சரும் கும்ருன் வாஃபாவும் பிரேன்களைச் சேர்த்து ஒரு கருந்துளையைக் கட்டி, உள்நிலைகளை எண்ணினார்கள். அந்தக் கால் பங்கு பிசகாமல் வந்தது. பெரிய வெற்றிதான். ஆனால் அது ஐந்து பரிமாணக் கருந்துளை, மின்னேற்றம் கொண்டது, சூப்பர்சிமெட்ரி என்ற விசேஷச் சமச்சீரின் காவலில் இருப்பது. நட்சத்திரம் செத்துப் பிறக்கும் கருந்துளை அந்த ஜாதி இல்லை.

கருந்துளையை எண்ண இழை ஒன்றே வழி என்பதும் சரியல்ல. தரமணியில் ரொமேஷ் கௌலும் பார்த்தசாரதி மஜும்தாரும் போட்டிப் பள்ளியான லூப் குவாண்டம் ஈர்ப்புக் கோட்பாட்டின் வழியே எண்ணினார்கள். பரப்பளவில் கால் பங்கு என்பது முதல் உறுப்பு. அதை அடுத்து, பரப்பளவின் மடக்கையை −3/2-ஆல் பெருக்கி வரும் ஒரு சிறு திருத்தம் உண்டு என்று 2000-ல் ஃபிசிகல் ரிவியூ லெட்டர்ஸ் இதழில் எழுதினார்கள். உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் முடிவு. 2012-ல் அசோக் சென், மின்னேற்றமில்லாத சாதாரணக் கருந்துளைக்கு அதே மடக்கைத் திருத்தத்தை வேறு வழியில் போட்டுப் பார்த்தார். லூப் வழியில் வந்த விடையோடு தன் விடை ஒத்துப்போவதாகத் தெரியவில்லை என்று கட்டுரைச் சுருக்கத்திலேயே எழுதிவிட்டார். டுபாக்கூரில் யாரும் இப்படி ஒரு சிறு திருத்தத்துக்காக மல்லுக்கு நிற்பதில்லை.

“இதையெல்லாம் சோதிக்கவே முடியாது”

பாதி சரி. இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானால் மொத்தப் பரப்பளவு குறையக் கூடாது என்பது 1971-ல் ஹாக்கிங் சொன்ன விதி. 2025 ஜனவரி 14-ல் ஈர்ப்பு அலைகளைப் பிடிக்கும் லைகோ கருவிகளில் பதிவான மோதலில், இணைவதற்கு முன் கூட்டுப் பரப்பளவு சுமார் 2,40,000 சதுர கிலோமீட்டர். இணைந்த பின் சுமார் 4,00,000. இரண்டு தமிழ்நாட்டுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது மூன்று தமிழ்நாடாக வளர்ந்துவிட்டது. லைகோ குழுவில் சிறுசேரிக்கும் பங்குண்டு: ஈர்ப்பு அலையின் முதல் கண்டுபிடிப்பை 2016-ல் அறிவித்த கட்டுரையின் ஆசிரியர்களில் சி.எம்.ஐ.யின் கே. ஜி. அருணும் ஒருவர்.

பரப்பளவு மாட்டியது, எண்ணிக்கை இன்னும் மாட்டவில்லை. சூரியன் அளவு நிறையுள்ள கருந்துளையின் என்ட்ரோபியை எழுத 1-க்குப் பின்னால் 77 பூஜ்யங்கள் போட வேண்டும். தரமணிக் கணக்கின்படி அதில் கழிக்க வேண்டிய திருத்தம் முந்நூறைக்கூடத் தொடாது. எந்தக் கருவியும் அந்த வித்தியாசத்தைப் பார்க்கப்போவதில்லை. யார் விடை சரி என்ற வழக்கு இப்போதைக்குக் கரும்பலகையில்தான் நடந்தாக வேண்டும்.