பிளக் கறுத்தால் காபரேற்றரைத் திருப்பவேண்டுமா?

கேள்வி: ஐயா, அப்பா ஓடிய ஹொண்டா எம்.டி. 90ஐத் திருத்தி இப்போது நான் ஓடுகிறேன். சுன்னாகம் சந்தைக்குப் போய்வந்து பிளக்கைக் கழற்றினால் கரிபிடித்துக் கிடக்கிறது. “பெற்றோல் கூட இழுக்குது, காபரேற்றர் ஸ்குரூவைத் திருப்பு” என்கிறார் கராச்காரர். பெரியப்பாவோ, “பிளக் பிஸ்கற் நிறத்தில இருந்தால்தான் எஞ்சின் சரி” என்கிறார். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகர், ஏழாலை

பதில்: தம்பி, எஞ்சின் கடைசியாக என்ன செய்துகொண்டிருந்ததோ அதைத்தான் பிளக் காட்டும். சந்தையிலிருந்து மெதுவாக வந்து, படலை திறக்கும்வரை எஞ்சினை ஓடவிட்டுப் பிறகு கழற்றினால், நீங்கள் பார்ப்பது ஐட்லிங் கரி. பிளக்கின் பீங்கான் மூக்கு ஏறக்குறைய 450 பாகை செல்சியசைத் தாண்டினால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். சந்தைக்கும் வீட்டுக்குமான ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. கராச்காரர் சொல்லும் ஸ்குரூ ஐட்லிங்கையும் அதற்குச் சற்று மேலேயும்தான் மாற்றும். அக்சிலேற்றரைப் பாதிவரை திருப்பினால் கலவையைத் தீர்மானிப்பது ஊசி, முழுக்கத் திருப்பினால் மெயின் ஜெற்.

பெரியப்பாவின் நிறக்கணக்கு ஈயம் கலந்த பெற்றோல் காலத்தது. அந்தப் பழுப்பில் பெரும்பங்கு ஈயமும் அதனோடு சேர்த்த இரசாயனங்களும் விட்ட படிவு. இலங்கையில் 2002இல் ஈயப் பெற்றோல் போய்விட்டது. இன்றைய 92 ஒக்ரேன் பெற்றோலில் நல்ல எஞ்சினின் பீங்கானும் ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கும். பழைய பழுப்பைத் தேடிப்போனால் வீணாகப் பெற்றோலைக் கூட்டிவிடுவீர்கள்.

ஆனாலும் அவர் தலைமுறைக்குப் பிளக்கைப் பற்றிப் பாடம் எடுக்க எனக்குத் துணிவில்லை. 1990இல் போர்க்காலப் பொருளாதாரத் தடை வந்தபிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோலைத் துளிக்கணக்கில்தான் செலவழித்தார்கள். காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு உதைத்து, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெயில் ஓடினார்கள். மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. எரியாத மிச்சத்தில் ஒரு பங்கு பிளக்கில் கரியாகும், இன்னொரு பங்கு பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மெசினைச் செய்தவர்களே சின்னத் தாங்கியில் பெற்றோல், பெரியதில் மண்ணெண்ணெய் என்று அமைத்துக் கொடுத்தார்கள். மோட்டார் சைக்கிளுக்கு அந்த வசதி இல்லை. உங்கள் எம்.டி. 90 அந்தக் காலத்தைக் கண்டதென்றால், மண்ணெண்ணெய்க்காக மெயின் ஜெற்றின் துளையை யாரும் பெருப்பித்திருக்கலாம். பெருப்பித்த ஜெற்றில் பழைய இலக்கம்தான் இருக்கும், ஆகவே புதிது போட்டுவிடுங்கள்.

இனிச் சோதனை. முதலில் எயார் கிளீனரைக் கழுவுங்கள். ஏழாலைச் செம்மண் புழுதி அடைத்திருந்தால் அதுவே கறுப்புக்குக் காரணமாகலாம். சோக் முழுதாகத் திறக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு புதுப் பிளக்கை, இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றருக்குள் இருக்கும்படி வைத்துப் பூட்டுங்கள். நம்மூரில் ஏற்றம் இல்லை. எஞ்சினுக்குச் சுமை கொடுக்க, சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் பண்ணைத் தாம்போதியில் காற்றுக்கு எதிராக ஓடிப்பாருங்கள். வாகனம் இல்லாத விடியற்காலையில், வேகக் கட்டுப்பாட்டுக்குள், மூன்றாம் கியரில் ஒரே இழுவையாகக் கொஞ்சத்தூரம் போங்கள். அப்படியே சாவியை நிறுத்தி, கியர் மிதியை அழுத்திப் பிடித்தபடி ஓரத்துக்கு உருளவிடுங்கள். எம்.டி. 90இல் கைக் கிளச் இல்லை, மிதியை அழுத்தினாலே கிளச் விட்டுவிடும். எஞ்சினை மீண்டும் ஓடவிடாமல் அங்கேயே பிளக்கைக் கழற்றவேண்டும். கைக்குச் சீலை எடுத்துப் போங்கள், சுடும்.

பீங்கானின் நுனியை விட்டு அடியைப் பாருங்கள். அது இரும்பு உடலுக்குள் இறங்கும் ஆழத்தில், பூதக்கண்ணாடியில், மெல்லிய சாம்பல் வளையம் தெரிந்தால் கலவை சரி. வளையம் அகலமாக, கறுப்பாக இருந்தால் பெற்றோல் கூட. வளையமே இல்லாமல் பீங்கான் சுண்ணாம்பு வெள்ளையாக, பொருக்குத் தட்டியிருந்தால் பெற்றோல் குறைவு, அல்லது இன்டேக் பக்கம் எங்கோ காற்று இழுக்கிறது. கறுப்பைவிட இதற்குத்தான் நான் பயப்படுவேன். கறுப்புப் பிளக் உங்களைத் தெருவில் தள்ளவிடும், வெள்ளைப் பிளக் பிஸ்டனைத் துளைத்துவிடும்.

விரலால் தடவியும் பாருங்கள். உலர்ந்த புகைக்கரி என்றால் பெற்றோல் கூட, அல்லது பொறி பலவீனம். கொயில், பொயின்ற் இரண்டையும் பாருங்கள். ஈரமாக, பளபளவென்று விரலில் ஒட்டினால் அது ஒயில். காலையில் உதைத்தவுடன் நீலப் புகையும் வந்தால் ரிங் அல்லது வால்வு கைட் தேய்ந்திருக்கிறது. ஸ்குரூவை எத்தனை முறை திருப்பினாலும் அதற்கு மருந்தில்லை.

திரும்பப் பூட்டும்போது முதலில் கையால் மட்டும் முடியும்வரை சுற்றுங்கள், பிறகுதான் பிளக் சாவி. புதுப் பிளக்குக்கு அதற்குமேல் அரைச் சுற்று போதும், கழற்றிப் பூட்டியதற்கு அதிலும் குறைவு. சிலிண்டர் ஹெட் அலுமினியம். மரை போனால் லேத்துக்குத்தான் கொண்டுபோகவேண்டும்.